ஆட்டோமேட்டிக் பிஎம்டபிள்யூவை மேனுவலாக மாற்றலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். லண்டனில் 2002 மாடல் பிஎம்டபிள்யூ 325ஐ வைத்திருக்கிறீர்கள், இ46 பாடி (அந்தத் தலைமுறைக்கு பிஎம்டபிள்யூ வைத்த குறியீடு), ஆட்டோமேட்டிக். வண்டி சூடானதும் ரிவர்ஸ் விழ மாட்டேன் என்கிறது. கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்ய ஒர்க்‌ஷாப்பில் சொன்ன தொகை வண்டியின் விலையையே தாண்டுகிறது. "மேனுவல் கியர்பாக்ஸ் ஒன்றை வாங்கி மாட்டிவிடு" என்று மச்சான் சொல்கிறார். செய்யலாமா, எவ்வளவு வேலை, மனைவியும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார், ஊரில் தம்பியின் ஹோண்டா சிட்டி சிவிடிக்கும் (தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் வகை) இது சரிப்படுமா? இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். மாற்ற நினைப்பவர்களுக்கு இ46-ஐவிட வசதியான வண்டி குறைவு. ஆனால் மச்சான் சொல்வதுபோல் கியர்பாக்ஸை மட்டும் வாங்கி மாட்டுகிற வேலை இல்லை இது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்குதான். கியர்பாக்ஸ் மலிவாகக் கிடைத்துவிடும். அதைச் சுற்றி வரும் பெடல், பைப், ஷாஃப்ட், பிராக்கெட், ஒயர், கோடிங் எல்லாம் சேர்ந்துதான் பையைக் காலி செய்யும். அதனால் என் பதில் ஒன்றுதான்: இதே இன்ஜின் உள்ள மேனுவல் இ46 ஒன்று முழு வண்டியாகக் கிடைத்தால் இறங்குங்கள். ஒவ்வொரு சாமானாகத் தேடி வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால், உங்கள் கியர்பாக்ஸ் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். இந்த வண்டிகளின் ஆட்டோமேட்டிக் பெட்டியில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்ற வாக்குறுதியோடு விற்றார்கள். ஆனால் பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. இருபது வருடத்து ஆயில், அதிலும் சீலில் கசிந்து ஒரு லிட்டர் குறைந்திருந்தால், சூட்டில் ரிவர்ஸ் வழுக்குவதில் ஆச்சரியம் இல்லை. அளவு பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. வண்டி நான்கு பக்கமும் மட்டமாக உயர்ந்து நிற்க வேண்டும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆயிலின் சூடு 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்த நிலையில் பக்கவாட்டு பிளக்கைத் திறந்தால் ஆயில் மெல்ல வழிய வேண்டும். வழியவில்லை என்றால் குறைவு. வழிகிற ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்து, பெட்டியின் அடியில் உள்ள ஆயில் தட்டின் காந்தத்தில் தூளுக்குப் பதில் இரும்புச் சில்லுகள் இருந்தால் உள்ளே கிளட்ச் போய்விட்டது. அப்போது ஆயில் மாற்றிப் பயன் இல்லை, தொடர்ந்து படியுங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்தப் பெட்டி என்பதை அடியில் உள்ள தகட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த ஆறு சிலிண்டர் இ46-களில் இசட்எஃப் 5எச்பி19 இருக்கும், அல்லது ஜிஎம்மின் ஸ்ட்ராஸ்பர்க் ஆலையில் செய்த 5எல்40 இருக்கும். கழற்றி எறியப் போகிறீர்கள் என்றால் எதுவானாலும் கவலை இல்லை. உள்ளே வரப்போவது எது என்பதுதான் முக்கியம். 325ஐ மேனுவலில் வந்தது கெட்ராக் 250ஜி என்ற ஐந்து கியர் பெட்டி. 330ஐயில் அதைவிடப் பலமான இசட்எஃப் பெட்டி, 2003-க்குப் பிறகு வந்த 330ஐகளில் ஆறு கியர் இசட்எஃப். உங்கள் எம்54 இன்ஜினோடு இவை மூன்றும் பொருந்தும். நான்கு சிலிண்டர் 318-இன் பெட்டியோ டீசல் வண்டியின் பெட்டியோ பொருந்தாது, பெல் ஹவுசிங்கின் (இன்ஜினோடு பெட்டி சேரும் கூம்புப் பகுதி) போல்ட் வரிசையே வேறு. இணையத்தில் "இ46 கியர்பாக்ஸ்" என்று மட்டும் போட்டு மலிவாக விற்பது டீசல் பெட்டியாக இருக்கலாம், பார்த்து வாங்குங்கள். உங்களுடையது எஸ்எம்ஜி என்ற வகையாக இருந்தால் கதை வேறு. அது ஹைட்ராலிக்கில் இயங்கும் மேனுவல் பெட்டிதான், மாற்றுவது பாதி வேலை. பி (பார்க்) என்ற நிலை உங்கள் லீவரில் இருந்தால் அது எஸ்எம்ஜி இல்லை.

முழு வண்டி வாங்கச் சொல்வதற்குக் காரணம், என்னென்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே ஒருவராலும் முழுப் பட்டியல் போட முடியாது. லீவரின் கீழ் ரப்பரில் தொடங்கி ஒரு கிளிப் வரை ஏதாவது ஒன்று விட்டுப்போகும். பக்கத்தில் மேனுவல் வண்டி நின்றால் அதில் எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்த்து அப்படியே எடுத்துவிடலாம். பாடி துருப்பிடித்து எம்ஓடி (வண்டியின் வருடாந்தரத் தகுதிச் சோதனை) தேறாத மேனுவல் 325ஐகள் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது கியர் குளிரில் கரகரவென்று விழுந்தால், கியரைச் சத்தமின்றி விழவைக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. மேனுவல் பெட்டிக்காக வண்டி வாங்கி அந்தப் பெட்டியையே பிரிக்க நேர்ந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும்.

இனி வேலை. எல்லாரும் வண்டியின் அடியைப் பற்றிப் பயப்படுவார்கள். பொறுமையைச் சோதிப்பது பெடல்தான். டாஷ்போர்டின் கீழ்ப் பலகையைக் கழற்றி, சீட்டைப் பின்னால் தள்ளி, தலைகீழாகப் படுத்துக்கொண்டு பிரேக் பெடல் பிராக்கெட்டை எடுக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக் பெடல் அகலம், மேனுவலில் குறுகலானது. கிளட்ச் பெடலும் அதன் ஸ்பிரிங்கும் சேர்ந்த மேனுவல் தொகுப்பை மொத்தமாக மாற்றுவது, ஒரு பெடலை மட்டும் சொருகப் பார்ப்பதைவிட எளிது. பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் பிளாஸ்டிக்கில் செய்தது, பெடலோடு ஒரு பின்னில் கோர்த்து நிற்கும். பழைய வண்டியிலிருந்து கழற்றியதைத் திரும்பப் போடாதீர்கள், புதிதாகவே வாங்குங்கள். கசிந்தால் ஆயில் உங்கள் கால்மேல்தான் வடியும், அதை மாற்ற மறுபடியும் அதே தலைகீழ் ஆசனம்.

கிளட்சுக்குத் தனி ஆயில் டப்பா இல்லை, பிரேக் ஆயில் டப்பாவிலிருந்தே ஒரு ஹோஸ் வரும். ஆட்டோமேட்டிக் வண்டியின் டப்பாவில் அந்த மூக்கு இருக்கும், ஆனால் அடைத்திருக்கும். அதை டிரில் போட்டுத் திறக்கிறவர்கள் உண்டு. திறக்கலாம்தான், ஆனால் பிளாஸ்டிக் துகள் ஒன்று உள்ளே விழுந்தால் அது போகிற இடம் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர். மேனுவல் வண்டியின் டப்பா கையில் இருக்கும்போது இந்த விஷப்பரீட்சை எதற்கு? கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

ஏர் எடுப்பதிலும் இந்தக் கிளட்ச் பிடிவாதக்காரக் கிளட்ச். பெடலை மிதித்து மிதித்து ஏர் எடுத்தால் பாதிதான் வரும். பிரஷர் கருவி ஒன்றை டப்பாவில் மாட்டி, அந்த அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரைக் கியர்பாக்ஸிலிருந்து கழற்றிக் கையில் பிடித்து, அதன் தண்டை முழுக்க உள்ளே அழுத்தியபடி நிப்பிளைத் திறந்தால் மிச்சக் குமிழிகள் வெளியே வரும். சிலிண்டர் வெளியே இருக்கும்போது பெடலை யாரும் மிதித்துவிடக் கூடாது, தண்டு தெறித்து வந்துவிடும்.

அடியில் உள்ள வேலை கனமானது, ஆனால் புதிர் இல்லை. எக்ஸாஸ்ட், அதன் மேலுள்ள வெப்பத் தகடு, பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ராப்பல்லர் ஷாஃப்ட், பிறகு ஆட்டோமேட்டிக் பெட்டி, கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியே சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் என்று வரிசையாக இறங்கும். ஆட்டோமேட்டிக் பெட்டி மேனுவலைவிட நல்ல கனம். கியர்பாக்ஸ் ஜாக்கி இல்லாமல் நெஞ்சில் தாங்கி இறக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கிராங்க்கின் பின்னால் உள்ள ஃப்ளெக்ஸ் பிளேட்டை எடுத்துவிட்டு ஃப்ளைவீல் வைக்கும் இடத்தில் ஒரு சிறு சாமான் மறந்துபோகும்: பைலட் பேரிங். கியர்பாக்ஸின் முன் தண்டின் நுனி கிராங்க்கின் மையத்தில் இந்த பேரிங்குக்குள்தான் உட்காரும். ஆட்டோமேட்டிக்கில் அது இருக்காது. விலை அற்பம், மறந்தால் எல்லாவற்றையும் மீண்டும் இறக்க வேண்டும். ஃப்ளைவீல் போல்ட்டுகள் புதிதாக வாங்குங்கள். ஃப்ளெக்ஸ் பிளேட்டின் போல்ட்டை அதில் போடக் கூடாது. ஃப்ளைவீல் இரண்டு அடுக்கு கொண்ட வகை, நடுவில் ஸ்பிரிங் இருக்கும். கையால் திருப்பிப் பார்த்து அதிகம் ஆடினால் அதையும் புதிதாகப் போடுவது உத்தமம். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் எப்படியும் புதுசுதான்.

ப்ராப்பல்லர் ஷாஃப்ட்டும் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் மேனுவல் வண்டியுடையவை வேண்டும், பெட்டிகளின் நீளம் ஒன்றல்ல. ஷாஃப்ட்டின் இரு பாதியையும் பிரிக்கும்முன் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு மாறிச் சேர்த்தால் அறுபது மைல் வேகத்தில் தரை நடுங்கும். ஆட்டோமேட்டிக் ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டர் பக்கம் போன இரண்டு பைப்புகளும் கூலரும் வேலையற்றுப் போகும். கூலன்ட் டப்பாவின் அடியில் அவை சேர்ந்த இடத்தை மேனுவல் வண்டியின் பாகத்தை வைத்து ஒழுங்காக அடையுங்கள். இந்த மாடலின் கூலிங் பிளாஸ்டிக்குகள் ஏற்கனவே நொறுங்கும் வயதில் இருக்கும். அங்கே துணி சுற்றி கிளாம்ப் போடுகிற வேலை வேண்டாம்.

ஷாஃப்ட்டும் எக்ஸாஸ்ட்டும் கீழே இருக்கும் அந்த நேரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். டார்ச் அடித்து, பின் ஆக்ஸில் சட்டம் பாடியோடு சேரும் நான்கு இடங்களையும் பாருங்கள். இ46-இன் பெரிய பலவீனம் அது. தரைத் தகடு அங்கே விரிசல் விட்டுக் கிழியும். டார்க் கன்வெர்ட்டர் மெத்தென்று இழுத்த வண்டியில், கிளட்சை வெடுக்கென்று விடும்போது அந்த இடத்துக்கு உதை அதிகம். உண்மையில் இதை எல்லாவற்றுக்கும் முதலில், பணம் செலவழிக்கும் முன் பார்த்துவிடுவது நல்லது. விரிசல் பெரிதாக இருந்தால் வெல்டிங் செலவோடு சேர்த்து யோசியுங்கள்.

அடுத்து ஒயரும் கம்ப்யூட்டரும். பலரின் வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கியும் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது இங்கேதான். ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவர் பி (பார்க்) அல்லது நியூட்ரல் நிலையில் இருக்கிறது என்ற சிக்னல் ஈடபிள்யூஎஸ் என்ற இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பெட்டிக்குப் போனால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றியதும் அந்த சிக்னல் இல்லை. சாவியைத் திருப்பினால் சத்தமே வராது. ஒரு ஒயரை ஜம்பர் போட்டு எப்போதும் பி-யில் இருப்பதாக நம்பவைக்கலாம், பலரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. கியரில் விட்டு நிறுத்திய வண்டியில், பழைய ஆட்டோமேட்டிக் பழக்கத்தில் யாராவது சாவியைத் திருப்பினால் வண்டி முன்னே பாயும். அமெரிக்காவில் விற்ற மேனுவல்களில் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதேபோல் அந்த சிக்னலைக் கிளட்ச் பெடலின் ஸ்விட்ச் வழியாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஓட்டும் வண்டிக்கு இது அவசியம்.

கம்ப்யூட்டர் பக்கம், ஆட்டோமேட்டிக்கின் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியை எடுத்துவிட்டதும், மற்ற கம்ப்யூட்டர்கள் "அவர் எங்கே?" என்று தேடிக்கொண்டிருக்கும், மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். இந்த வண்டியின் நினைவில், தொழிற்சாலையில் என்னென்ன போட்டார்கள் என்ற பட்டியல் எண்களாகப் பதிந்திருக்கிறது. அதில் ஆட்டோமேட்டிக்குக்கு எண் 205. கோடிங் தெரிந்தவர் அந்த 205-ஐ நீக்கிவிட்டு, இன்ஜின் கம்ப்யூட்டர், ஈடபிள்யூஎஸ், மீட்டர் என்று சம்பந்தப்பட்டவற்றை மேனுவலாகத் திரும்பக் கோடிங் செய்ய வேண்டும். லேப்டாப்பும் ஒரு கேபிளும் இருந்தால் முடிகிற வேலை. ஆனால் வண்டியைப் பிரிக்கும் முன்பே அப்படி ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் சில்லறை வேலைகள். ரிவர்ஸ் விளக்கின் ஸ்விட்ச் இனி மேனுவல் பெட்டியில் இருக்கும், இரண்டு ஒயர் இழுக்க வேண்டும். லீவரிலிருந்து சாவித் துவாரத்துக்கு ஒரு கேபிள் போகும், பி-யில் போட்டால்தான் சாவியை எடுக்க விடும். அதைக் கழற்றாவிட்டால் சாவி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஹேண்ட்பிரேக். இருபது வருடம் பி-யில் போட்டே நிறுத்திய வண்டியில் பின் டிஸ்க்குக்குள் இருக்கும் அந்தச் சிறு ஷூக்கள் துருப்பிடித்துப் பேருக்கு இருக்கும். இனி சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்தப்போவது அதுதான், கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்து மோட்டார்வேயில் ஏறியதும் ஒரு சந்தேகம் வரும்: இன்ஜின் ஏன் இப்படிக் கத்துகிறது? கோளாறு இல்லை. உங்கள் ஆட்டோமேட்டிக்கில் ஐந்தாவது கியரின் விகிதம் 0.74 அல்லது 0.75, கெட்ராக்கில் ஐந்தாவது நேர் 1.00. பின் டிஃபரன்ஷியல் 3.23 என்று வைத்துக்கொண்டால், 70 மைல் வேகத்தில் பழைய வண்டியின் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,300 சுற்றில் ஓடியிருக்கும், இனி 3,100 பக்கம் ஓடும். உங்கள் டிஃபரன்ஷியலின் எண் அதன்மேல் ஒட்டிய தகட்டில் இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தினம் நெடுந்தூரம் ஓட்டுகிறவர் என்றால் பிந்தைய 330ஐயின் ஆறு கியர் பெட்டியைத் தேடலாம், ஆறாவது 0.85, அதே வேகத்தில் 2,650 அளவில் அடங்கும். அதற்கு ஷாஃப்ட்டும் குறுக்குச் சட்டமும் அந்த வண்டியிலிருந்தே வர வேண்டும். ஊருக்குள் ஓட்ட ஐந்து கியரே போதும். 192 குதிரைத்திறன் உள்ள அந்த ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கைக் கியரில் ஓட்டும் சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்துச் சட்டம் இதற்குப் பெரிய தடை இல்லை. வண்டியின் அடையாளம் மாறிவிட்டதா என்று டிவிஎல்ஏ (வாகனப் பதிவு அலுவலகம்) முன்பு பார்த்த புள்ளிக் கணக்கில் 14-இல் குறைந்தது 8 மிஞ்ச வேண்டியிருந்தது. அதிலேயே கியர்பாக்ஸ் பகுதிக்கு 2 புள்ளிதான். இன்சூரன்ஸுக்குக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் விபத்து நடந்த அன்று பாலிசியே கேள்விக்குறியாகும். மனைவி விஷயத்தில் அவருடைய லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் டெஸ்ட் ஓட்டித் தேறியவர் என்றால், எல் போர்டு இல்லாமல் அவர் மேனுவல் ஓட்ட முடியாது. அவர் மீண்டும் டெஸ்ட் ஓட்டத் தயாரா என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். அவருக்கு இஷ்டமில்லை என்றால், வேறு ஆட்டோமேட்டிக் வண்டி பார்ப்பதே குடும்பத்துக்கு நல்லது.

தம்பியின் சிட்டிக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் பழைய சிட்டியின் மேனுவல் பெட்டி தேடினால் கிடைத்துவிடும், மாட்டித்தரவும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிப் பிடித்துத் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று போட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு இன்சூரன்ஸ் சிக்கல் வேறு.

இன்னொன்று, 2000-களில் வந்த பழைய சிட்டி சிவிடியில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது, ஆயிலில் ஊறிய ஸ்டார்ட் கிளட்ச் ஒன்றுதான் வண்டியை நகர்த்துகிறது. ஆயில் பழையதானால் சிக்னலில் கிளம்பும்போது வண்டி உதறும். அதைப் பெட்டி போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். தம்பியின் புகாரும் அந்த உதறல்தான் என்றால், ஹோண்டா சொல்லும் சிவிடி ஆயிலையே வாங்கி மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் அதோடு சரியாகிவிடும்.